சாப்பிடல, போட்டுக்கிட்டேன்

எங்கள் பெரியப்பா பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் பெயர் ‘டானிக்’. அவர் ஓட்டும் வண்டியில், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கும். ஏறுகிறவர்கள் அதை முதலுதவிப் பெட்டி என்று நினைப்பார்கள். ஒருநாள் கம்பியில் விரலைக் கிழித்துக்கொண்ட ஒரு பயணிக்காகக் கண்டக்டர் ஓடிவந்து பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே முழுக்க மாத்திரை டப்பாக்கள்.

“அண்ணே, பஞ்சு எங்க?”

“பஞ்செல்லாம் இல்லப்பா. வைட்டமின் கே இருக்கு. ரத்தம் நல்லா உறையும், ஒண்ணு குடு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இருந்திருக்காது, பந்தயம் கட்டுகிறேன்!

அப்படிப்பட்டவருக்குப் போன வருட ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றுவிட்டது. கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிடுவோம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார். அந்த வண்டியில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். அதை எப்படித் தாஜா செய்வது என்று அவருடைய இடது கைக்குத்தான் தெரியும். சீட்டுக்கு மெத்தை தைத்து வைத்திருப்பதும் அவர்தான்.

“கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து, எவனோ என் வண்டிய ஓட்டிட்டுப் போறத வேடிக்கை பாக்கச் சொல்றியா?” என்று பெரியம்மாவிடம் கேட்டார். குரல் உடைந்திருந்தது. நான் அவர்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறவள்; காலையும் மதியமும் எனக்கு ஆபீஸ் கேன்டீன் சாப்பாடு. அன்றைக்குத்தான் பெரியப்பா பயந்து முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த பரிசோதனைக்குள் உடம்பைச் சுத்தம் செய்துவிடுவது என்று முடிவானது. போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து அறிவித்தார்: “இனிமே காலையும் மதியமும் நான் ஃபாஸ்டிங்.”

“பட்டினின்னு சொல்லுங்க,” என்றார் பெரியம்மா.

“பட்டினி வேற, ஃபாஸ்டிங் வேற. உனக்குச் சொன்னாப் புரியாது.”

வித்தியாசம் மறுநாள் காலையிலேயே புரிந்துவிட்டது. பட்டினி கிடப்பவருக்குத் தட்டு தேவையில்லை. பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டது! சாப்பிடாவிட்டால் சத்து குறைந்துவிடுமாம். அந்தச் சத்தையெல்லாம் தட்டில் பரப்பினார். மீன் எண்ணெய் மாத்திரை, இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்புச் சத்து என்று வரிசையாக வைத்தார். பிறகு ஆரஞ்சு நிறச் சக்திப் பவுடரை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கினார். கடைசியாக, கரடிக்குட்டி வடிவில் மெல்லுகிற வைட்டமின். அது மட்டும் கைப்பிடியாக.

“அது மிட்டாய்ங்க,” என்றார் பெரியம்மா.

“வைட்டமின்.”

“நாக்கு செவந்திருக்கு பாருங்க!”

“டப்பாவப் படிச்சுப் பாரு, வைட்டமின்னு போட்டிருக்கு.”

“இவ்வளவு சாப்பிட்டுட்டு என்ன விரதம் இது?”

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாத்திரைய யாராவது சாப்பிடுவாங்களா? போட்டுக்குவாங்க. ‘தலைவலிக்கு மாத்திரை போட்டியா’ன்னுதானே கேக்குறோம்? நான் ஒண்ணும் சாப்பிடல. போட்டுக்கிட்டேன்.”

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு எழுந்துபோனார்.

டிப்போவில் பெரியப்பாவின் புகழ் ஏறியது. கேன்டீனில் மற்றவர்கள் தட்டோடு உட்கார்ந்தால் இவர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசுவார். நடுநடுவே மீன் எண்ணெய் ஏப்பம் ஒன்று வரும். “டானிக் அண்ணே, ஃபாஸ்டிங்ல மீன் குழம்பு வாசனை வருதே!” என்பார் கண்டக்டர். “அது உள்ள இருக்கிற அழுக்கு வெளியேறுதுப்பா,” என்பது பதில்.

“இளைச்சுட்டீங்கண்ணே” என்று நாலு பேர் சொல்லவும் செய்தார்கள். பெல்ட் என்னவோ பழைய ஓட்டையிலேயேதான் மாட்டிக்கொண்டிருந்தது. அதே சமயத்தில் பெரியம்மாவின் மோதிரம் பாத்திரம் கழுவும்போது நழுவி விழுந்துகொண்டிருந்தது. அவர் அதில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

பரிசோதனை நாள் வந்தது. வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெரியப்பா கிளம்புவதற்கு முன் சக்திப் பவுடரில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டார். கரடிக்குட்டிகளும் ஒரு கைப்பிடி கூடுதலாக உள்ளே போயின.

“ரத்தத்தத்தானே பாக்கப் போறாங்க? கொஞ்சம் தெம்பாத் தெரியட்டும்.”

ரத்தம் எடுக்கும் நர்ஸ் கேட்டார்: “சார், ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“ஒரு பருக்கை கூட இல்லம்மா!” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது சத்தியம்.

சர்க்கரை கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

அன்றே டிப்போவில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுபடி ஒருமுறை பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் கவுண்டர்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியப்பா வண்டியிலிருந்து மெத்தையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் பயணியாக, நின்றுகொண்டே.

மறு பரிசோதனைக்குப் பெரியம்மாவும் கூடப் போனார், நானும் போனேன். அதே நர்ஸ், அதே கேள்வி.

“சாப்பிட்டீங்களா சார்?”

“இல்லம்மா.”

பெரியம்மா இடையில் புகுந்தார். “அப்படிக் கேக்காதம்மா. ‘ஏதாவது போட்டுக்கிட்டீங்களா’ன்னு கேளு.”

நர்ஸ் குழம்பிப்போய், “ஏதாவது போட்டுக்கிட்டீங்களா சார்?” என்றார்.

பெரியப்பா மெல்லப் பட்டியல் போட்டார். கரடிக்குட்டி வந்ததும் நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “சார், என் பையனுக்கு அத தினம் ஒண்ணுக்கு மேல குடுக்க மாட்டேன். சர்க்கரை சார் அது! அந்தப் பவுடர் பூரா குளுக்கோஸ். போன தடவையும் இதெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வந்தீங்களா?”

“போன தடவ... கொஞ்சம் தாராளமா.”

“நாளைக்கு வாங்க. வெறும் தண்ணி. வேற எது வாயில போனாலும் அது சாப்பாடுதான்.”

அன்று மாலை பெரியம்மா எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு, பையைத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை, இத்தனை நாள் விரதத்துக்கும் சேர்த்து, பெரியப்பாவின் வயிறு முதல்முறையாகக் காலியாக இருந்தது. பரிசோதனைக்கூடத்து பெஞ்சில் அது போட்ட சத்தத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், “கை நடுங்குது. பசின்னா இப்படியா இருக்கும்?” என்றார், ஏதோ புது ஊருக்கு வந்தவர் மாதிரி.

“முதல்ல கொஞ்சம் நடுங்கும். அப்புறம் பழகிடும்,” என்றார் பெரியம்மா.

“உனக்கு எப்படித் தெரியும்?”

பெரியம்மா மோதிரத்தைச் சுற்றினார். நூல் சுற்றியிருந்த மோதிரம். பெரியப்பா அதைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

“நீ காலைல சாப்பிடுறதில்லயா?”

“நீங்க விரதம் ஆரம்பிச்சதுலேருந்து காலையும் இல்ல, மதியமும் இல்ல.”

“எனக்காகவா?” பெரியப்பாவின் கண் கலங்கிவிட்டது.

“ஆமா, பெரிய தியாகம்! எனக்கு ஒருத்திக்குன்னு யாரு அடுப்பு பத்த வைக்கிறது? சோம்பேறித்தனம்.” முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதோட, அங்க ஒரு ஆளு கரடிக்குட்டிய மென்னுட்டு இருக்கும்போது எதிர்ல உக்காந்து எனக்கு எங்க இறங்கும்?”

நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பெரியப்பா கேட்டார்: “இன்னிக்கு சாப்பிட்டியா?”

“இல்ல. போட்டுக்கவும் இல்ல.”

அவர் சட்டென்று எழுந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். நடுங்குகிற கையில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ரொட்டியும் அவித்த முட்டைகளும். பெஞ்சில் தட்டை வைத்து, குனிந்து முட்டை உரிக்க ஆரம்பித்தார். அந்த இடது கை, இரண்டாவது கியரைத் தாஜா செய்கிற கை, ஒரு முட்டை ஓட்டைக்கூட நேராக உரிக்கவில்லை.

“டிரைவர் சார், ரிசல்ட் வந்துருச்சு, வாங்க!” என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

“இரும்மா, இவ இன்னும் சாப்பிடல.”

நர்ஸே கதவுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்: “கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் சார் இருக்கு. வண்டி எடுக்கலாம்!”

பெரியப்பா நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“அழுதது போதும், அடுத்த முட்டைய உரிங்க,” என்றார் பெரியம்மா, வாய் நிறைய ரொட்டியோடு.