செக்பொயின்ட் வெயிலில் கழற்றிய காபரேட்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சண்டை உச்சத்தில் இருந்த காலம். கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் குடித்தனம் தொடங்கியிருந்தோம். என் கணவருக்கு கிராண்ட்பாஸில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை. கடை முதலாளிக்கு மண்மேட்டில் பாய்ந்து ஓடும் பந்தய மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். பழைய டூ ஸ்ட்ரோக் டேர்ட் பைக் ஒன்றை வாங்கி, ஓட்டுவதற்கு என் கணவரைப் பிடித்தார். ஓட்டுவது அவர். அதன் காபரேட்டரைப் பார்ப்பது நான்.

சிரிக்காதீர்கள். அரசாங்கத்தின் தடையால் எங்கள் ஊரில் அப்போது பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. நாலைந்து சொட்டுப் பெற்றோலை உள்ளே விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அப்பாவுக்கு அதற்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் காபரேட்டர் என் கைக்கு வந்தது அப்படித்தான். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியாவிட்டாலும் ஒப்பேற்றிவிடலாம், இது தெரியாவிட்டால் பாடு திண்டாட்டம். சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன குறை என்று சொல்ல நான் அங்கேதான் பழகினேன்.

ஆனால் அங்கே பழகிய ஒரு பழக்கம் என்னோடு கொழும்புக்கும் வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடும் வண்டிக்கு எண்ணெய் கொஞ்சம் கூடப் போனால் புகைக்கும், அவ்வளவுதான். குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும், பிறகு தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஆகவே கூட விடுவதுதான் புத்தி என்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குள் அனுப்புகிற காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒன்று இருக்கிறது. சட்டைப் பொத்தானிலும் சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் துளை. துளை பெரிதென்றால் பெற்றோல் கூடப் போகும், சிறிதென்றால் குறையப் போகும். வத்தளையில் தெரிந்தவர் ஒருவரின் தென்னங்காணியில் வைத்து அந்த பைக்குக்கு ஜெட் பார்த்தோம். பகலில் சத்தம் போட்டால் அயலார் சண்டைக்கு வருவார்கள் என்று, அவர்கள் கோயிலுக்குப் போயிருக்கும் ஞாயிறு காலையில் வெள்ளென போய்விடுவோம். ஊர்ப் பழக்கத்தில் நான் கொஞ்சம் பெரிய துளை உள்ள ஜெட்டையே பூட்டினேன். அந்தக் குளிர்ச்சியில் பைக் மணி மாதிரி ஓடியது.

முதல் பந்தயத்தில் மானம் போனது. உச்சி வெயிலில் பாதித் தூரம் ஓடுவதற்குள் பைக் இருமத் தொடங்கியது. கறுப்புப் புகை. முறுக்க முறுக்க வேகம் வரவில்லை. கடைசி ஆளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து அணிக்காரர் ஒருவர், “பொம்பிளையிட்ட காபரேட்டரைக் குடுத்தா இப்பிடித்தான்” என்று எனக்குக் கேட்கவே சொன்னார். முதலாளி நல்ல மனிசன், ஏசவில்லை. ஆனால் அடுத்த பந்தயத்துக்கு முதல் நாள் கணவரைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த முறையும் ஓடல்லெண்டா பைக்க வேற ஆளுக்குத்தான் குடுக்கணும், கோவிச்சுக்கொள்ளாதீங்க” என்றார். அன்றிரவு என் கணவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கொழும்பில் அந்த மனிசன் வாய்விட்டுச் சிரிப்பது அந்த பைக்கில் ஏறி இருக்கும்போது மட்டும்தான். அதைப் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிளக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், காற்று வடிகட்டியைக் கழுவினேன். காலையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பந்தயம் நீர்கொழும்புப் பக்கம், பின்னேரம். முதலாளி முன்னாலேயே போய்விட, பைக்கை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் வெளிக்கிட்டோம். வத்தளை தாண்டிய பிறகு ஒரு இராணுவச் செக்பொயின்டில் மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் லொறியைப் பக்கத்து வெறும் காணிக்குள் விடச் சொன்னார்கள். எல்லாவற்றையும் இறக்கினார்கள். என் கைப்பைக்குள் பிலிம் ரோல் டப்பா ஒன்று இருந்தது. ஆமிக்காரர் ஒருவர் அதைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். இலக்கம் பொறித்த குட்டிக் குட்டிப் பித்தளைத் துண்டுகள்.

“மே மொனவாத?”

இது என்ன என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் அப்போது மட்டுமட்டு. “ஜெட்” என்றேன். குண்டு போடும் விமானத்துக்கும் அதே பெயர், அந்தச் சொல் அந்த இடத்தில் நல்லதாகக் கேட்கவில்லை. அவர்களுடைய முகம் மாறியது. பொறுப்பதிகாரி வந்தார். நன்றாகச் சிங்களம் பேசும் என் கணவர் நிதானமாக விளக்கினார். அதிகாரி பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

“ஸ்டார்ட் கரலா பென்னன்ன” என்றார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்கிறார்.

கணவர் உதைத்தார். பிடித்தது. முறுக்கியதும் இருமியது. கறுப்புப் புகை அதிகாரியின் முகத்துக்கே போனது. இரண்டு ஆமிக்காரர் சிரித்தார்கள். பந்தயத்தில் கேட்ட அதே இருமல். இன்று காலை தென்னங்காணியில் இந்த இருமல் இல்லை. அதே பைக், அதே பெற்றோல், அதே ஜெட். மாறியது வெயில் ஒன்றுதான். காணி மண் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு வெளித்தது. சூட்டில் காற்று மெலிந்து போகிறது. இயந்திரத்துக்குக் கிடைக்கும் காற்றுக் குறைய, நான் கூட விட்ட பெற்றோல் அதற்கு மூச்சுமுட்டுகிறது. விடியற்காலையில் நூறு தரம் பார்த்தாலும் இது தெரியப் போவதில்லை.

“ஜெட்டை மாத்தப் போறன்” என்றேன்.

கணவர் பதறிப் போனார். “இஞ்ச வேண்டாமப்பா. விட்டாங்கள் எண்டால் அங்க போய்ப் பாப்பம்.”

“அங்க போய்ச் சேர்ந்தா மாத்த நேரமிருக்காது. எனக்கு இந்த வெயில்தான் வேணும். அவரிட்டக் கேளுங்கோ.”

கேட்டார். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு, செய் என்று தலையை ஆட்டினார். காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். கழற்றிய திருகாணிகளை மண்ணில் வைத்தால் காணாமல் போகும். டப்பாவைப் பிடித்திருந்த ஆமிக்காரரிடமே நீட்டினேன். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, பிரசாதம் வாங்குகிறவரைப் போல வாங்கிக்கொண்டார். ஒரு இலக்கம் சின்ன ஜெட்டைப் பூட்டினேன். இருமல் குறைந்தது, போகவில்லை. இன்னும் ஒன்று இறங்க வேண்டும்.

பழகிய கை அங்கேதான் தயங்கியது. பெற்றோலோடு கலந்துவரும் எண்ணெய்தான் டூ ஸ்ட்ரோக்குக்கு வழுவழுப்பு. மிதமிஞ்சிக் குறைத்துவிட்டால் பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்துவிடும். மேட்டில் பாயும்போது அப்படிப் பிடித்தால் பைக்கும் ஆளும் எப்படி இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது. ஜெட்டை விரலில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவருக்கும் அது தெரியும்.

“நீர் போடும்” என்றார். “நான் ஓடுறன். சத்தத்தை நீர் கேளும்.”

கலியாணத்தன்று கூட அந்த மனிசன் என்னை அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்.

அதைப் பூட்டினேன். ஓட்டிப் பார்க்க அதிகாரி விட்டார், ஒரு நிபந்தனையோடு. என் கணவர் காணியைச் சுற்றி வரும்வரை நான் துவக்குகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றேன். அவர் முழுவதும் முறுக்கிக்கொண்டு காணியின் அந்தக் கரைக்குப் போனார். இருமல் இல்லை, புகை இல்லை, துணி கிழிவது போலச் சுத்தமான சத்தம். நான் கையைத் தூக்கியதும் சட்டென்று இயந்திரத்தை நிறுத்தி, உருண்டு வந்து என் முன்னால் நின்றார். ஓடின சூட்டிலேயே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே எரிந்த நிறம் தெரியும். கறுப்பென்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் ஆபத்து. பாண் ரொட்டியை வாட்டினால் வரும் பழுப்பு நிறத்தில் இருந்தது. சூடாக இருந்ததைத் துணியில் சுற்றி அதிகாரியிடமே நீட்டினேன். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹரி, யன்ன” என்றார். சரி, போங்கள். டப்பாவும் கைக்கு வந்தது.

பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை. கொடி விழுந்ததில் இருந்து நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். இருபது பைக்குகளுக்குள்ளும் எங்கள் பைக்கின் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. கடைசிச் சுற்றுவரை அது இருமவில்லை. இரண்டாவதாக வந்தார். முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். பைக் எங்களிடமே இருந்தது. பக்கத்து அணிக்காரர், அதே ஆள்தான், மெல்ல வந்து என்ன இலக்கம் போட்டீர்கள் என்று கேட்டார். “பொம்பிளையிட்டக் கேக்கலாமோ அண்ணை?” என்று சிரித்தேனே தவிர, இலக்கத்தைச் சொல்லவில்லை. அந்த அளவு கொழுப்பு எனக்கு அன்றைக்கு இருந்தது.

அந்த வருசங்களில் எத்தனையோ செக்பொயின்டில் இறங்கி, நான் யார் என்று அட்டையை நீட்டிக் காட்டியிருக்கிறேன். அட்டையைப் பார்த்து யாரும் என்னை நம்பியதாக ஞாபகமில்லை. அந்த ஒரு மத்தியானம் மட்டும் என் கைவேலையை நீட்டினேன், அதைப் பார்த்து வழி விட்டார்கள். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குள் சூடு ஆறாமல் இருக்கிறது.