புவனேஸ்வரன் குறைத்துக் கொடுத்த சந்தா

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேருக்காவது புவனேஸ்வரனின் தண்ணீர்ப் பந்தலைத் தெரிந்திருக்கும். பெயர்ப்பலகை கிடையாது. எந்தப் பந்தலில் கூட்டம் கலைந்த பிறகும் புளிச்சாதம் அண்டாவில் பாதிக்கு மேல் கிடக்கிறதோ, அது அவருடையது. ஆயிரம் பேர் வருவார்கள் என்றால் ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சமைக்கச் சொல்வார். "பத்தாமப் போச்சுன்னா மானம் போயிரும்லா" என்பார். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி ஜெலுத்தோங் ஃபிளாட்டில் மாடி மாடியாக ஏறி விநியோகிப்பது அவர் மனைவி நவமணியின் தலையெழுத்து.

பந்தலோடு நின்றிருந்தால் இந்தக் குணத்தால் யாருக்கும் சேதமில்லை. அதை அவர் ஆபிசுக்கும் கொண்டுபோனதுதான் வினையாகப் போயிற்று.

ஆபிஸ் பீச் ஸ்ட்ரீட்டில். ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்கு ஏற்பாடு செய்து தரும் நிறுவனம். கொம்தார் கட்டடத்தில் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை பழகி, படிப்படியாக ஏறி, இங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜராக வந்து உட்கார்ந்தவர் புவனேஸ்வரன். ஐம்பது தாண்டிவிட்டது. "கன்டெய்னர் பிளாட்ஃபார்ம் பாக்குறேன்" என்று அவர் சொன்னால், சொந்தக்காரர்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவரும் திருத்திச் சொல்வதை விட்டு வெகு காலமாயிற்று.

உண்மையில் அது ஒரு மென்பொருள். சரக்கு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, பில் போடுவது, சுங்கப் பத்திரம் அனுப்புவது என்று நிறுவனத்தின் கணினி வேலைகளைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி, பல சர்வர்களில் பிரித்து ஓடவிடும். ஒரு சர்வர் படுத்துக்கொண்டால் பொதிகளைத் தானே இன்னொன்றுக்கு மாற்றிவிடும். இந்த வகையில் இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. ஆனால் நள்ளிரவில் கோளாறு வந்தால் கூப்பிட ஆள் வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் வேளாவேளைக்கு வர வேண்டும் என்று நினைக்கும் நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா கட்டித்தான் வாங்கும். சந்தா, கோர் கணக்கில். கோர் என்பது சர்வரின் மூளையில் ஒரு கூறு. எத்தனை கூறு வேலை செய்கிறதோ அத்தனைக்கும் பணம்.

அந்தப் பிளாட்ஃபார்மை முதன்முதலில் வாங்கியபோது, விற்க வந்த அஸ்லான் எத்தனை கோர் வேண்டும் என்று கேட்டான். புவனேஸ்வரன் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி எழுதிக் கொடுத்தார். சந்தா நிபந்தனைகளை அவர் முதல் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. புரியவில்லை என்று அஸ்லானிடம் கேட்கக் கூச்சம். குறைவாக வாங்கித் தணிக்கையில் அகப்பட்டால் தலைகுனிவு. கூடுதலாக வாங்கினால் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி லீவுக்கு முன்னால் "போன வருடம் போலவே" என்று ஒரு வரி அனுப்புவார். அஸ்லான் மறுநாளே பெரிய பலகாரக் கூடையோடு வந்து நிற்பான். வராமல் என்ன செய்வான்!

நான்கு வருடங்களுக்கு முன்பு, இத்தனை கோருக்கு ஓர் ஆள் வேண்டும், ஒருத்தனாகப் பார்க்க முடியாது என்று மேலிடத்துக்கு எழுதி, இன்னோர் ஆளையும் கேட்டு வாங்கினார். அப்படி வந்தவள்தான் காமினி. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. கெட்டிக்காரப் பெண். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் அம்மாவை மையத்தில் விட்டுவிட்டு ஃபெர்ரி பிடித்து வருவாள், சாயங்காலம் ஓட்டமாக ஓடுவாள். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. இந்த வேலை அவளுக்கு அம்மாவின் பக்கத்தில் இருப்பதற்கான வழி. அது புவனேஸ்வரனுக்கும் நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் மென்பொருள் நிறுவனம் விலையை ஏற்றியது. நிதி இயக்குநர் சித்தி ஹாஜரா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மலாயும் ஆங்கிலமுமாக அந்த அம்மாள் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: பிளாட்ஃபார்ம் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். சந்தாவில் குறைத்தாலும் சரி, ஆளில் குறைத்தாலும் சரி. முடியாதென்றால் காமினியின் ஒப்பந்தம் இந்த முறை புதுப்பிக்கப்படாது.

அந்தச் சனி ஞாயிறு புவனேஸ்வரன் வெளியே எங்கும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் சந்தா நிபந்தனைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"பரிச்சைக்குப் படிக்கிற பிள்ள கணக்கா இருக்கீங்க. இத வாங்குறப்பவே படிச்சிருக்கலாம்லா?" என்றாள் நவமணி.

"சும்மா இரு மணி. ஒரு பொண்ணோட வேல இதுல இருக்கு."

படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்தது. மற்ற சர்வர்களை மேய்ப்பதற்கென்றே இருக்கும் சர்வர்களுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லையாம், அவர் கட்டியிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில், இங்கே தீப்பிடித்தால் உதவும் என்று அணைத்து வைத்திருக்கும் சர்வர்கள், அணைந்திருக்கும்வரை கணக்கில் சேராதாம், சேர்த்திருந்தார். இதையெல்லாம்விடக் கொடுமை, திரையில் ஒரு கோர் இரண்டாகத் தெரியும், சந்தாவுக்கு அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். அவர் திரையைப் பார்த்து எண்ணியவர். சரியாகப் போட்டுப் பார்த்தால், கட்டியதில் கால்வாசி கூட தேவைப்படவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. காமினி தப்பித்தாள்! மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள், முக்கால்வாசியையே குறைத்துக் கொடுக்கலாம்.

திங்கட்கிழமை காலை, அவள் பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த மலர்ச்சி இல்லை.

"அண்ணே, அஸ்லான் கிட்ட பேசி டிஸ்கவுன்ட் கேக்கலாமே. மூணு வருசத்துக்குச் சேத்துக் கட்டினா கொறச்சுக் குடுப்பாங்க. அந்தத் தூங்குற சர்வரை மட்டும் எடுத்துட்டாலே அவங்க கேட்டது கிட்டத்தட்ட வந்துரும்."

"என்னாத்துக்கு அவன் கிட்ட கெஞ்சணும்? நம்ம கணக்கே தப்பா இருக்கு காமினி!"

"தெரியும் அண்ணே. இருந்தாலும் முழுசா கெளற வேணாம். கேட்டத மட்டும் குடுப்போம்."

"உனக்குத் தெரியுமா?"

"நான் வந்த ரெண்டாவது வருசமே சொன்னேன். கூடுதலா இருந்தா தப்பில்லன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பாள்தான். அவருக்கு அது ஞாபகமே இல்லை. தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் முழுக்கணக்கையும் கிளற வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, மனம் இளகிப்போனார். "என் பேரு கெட்டாக் கெடட்டும்மா. உன் வேல நிக்கணும், அவ்ளோதான்" என்றார். காமினி என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு கணினியைத் திறந்து வேலையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்லது செய்யக் கிளம்பிவிட்ட மனுஷனுக்கு யார் பேச்சும் காதில் ஏறாது.

நிதி இயக்குநரோடு நடந்த கூட்டத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று நிமிர்ந்து நின்று சொன்னார். பிளாட்ஃபார்மில் உண்மையாகவே உழைப்பவை ஆறு சர்வர்கள் மட்டும்தான், அவற்றுக்கு மட்டும் சந்தா போதும் என்று காட்டினார். சித்தி ஹாஜரா கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்திருந்தார். அந்த அம்மாளோ மனம்விட்டுப் பாராட்டினார். இப்படித் தன் தவறைத் தானே எடுத்து வைக்கிறவர்கள் இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் என்றார். புவனேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிறகு, கோபமே இல்லாமல், அந்தக் கேள்வி வந்தது. "ஆறு சர்வர்தான் என்றால், அதற்கு ஏன் இரண்டு பேர்? இத்தனை கோருக்கு ஓர் ஆள் என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்? அந்தக் கணக்குப்படி ஒருவரே அதிகம்."

ஆளைக் குறைக்காமல் இருக்கத்தான் இதையெல்லாம் செய்தேன் என்றார் புவனேஸ்வரன். மிச்சமான பணத்தில் ஒரு பகுதி போதுமே அவளை வைத்துக்கொள்ள என்றார். வேலை இருந்தால் பணம் தரலாம், வேலை இல்லையே என்றார் அந்த அம்மாள். அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கணக்கைச் சரியாகப் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுத்ததே அவர்தானே.

பந்தலில் மிஞ்சும் சோற்றுக்காவது நாலாவது மாடியில் ஒரு வாய் காத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆபிசில் மிஞ்சியதை அவர் வெறும் விரயம் என்று நினைத்தார். அதை நம்பியும் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்க்கத் தவறிவிட்டார்.

கடைசி நாள் காமினியோடு ஃபெர்ரி ஏறும் ஜெட்டி வரை நடந்தார். ஃபெர்ரிக்கு வரிசை நகரத் தொடங்கியபோதுதான் கேட்டார்.

"காரணத்தச் சொல்லியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பேனே காமினி."

"எப்படி அண்ணே சொல்றது? என் வேலைக்காகக் கம்பெனி காசு வீணாப் போறத மறைங்கன்னு உங்க கிட்ட கேக்க முடியுமா? கேட்டா நீங்க செஞ்சிருப்பீங்க. அதுதான் எனக்குப் பயம்."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த வாரமே காமினி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனாள். அம்மா ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். டயாலிசிஸ் மையம், கோயில், பக்கத்து வீடுகள் எல்லாம் இங்கேதான். மையத்துக்குப் போய்வர மாதக் கூலிக்கு ஒரு வேன் பேசி வைத்துவிட்டுப் போனாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பிளாட்ஃபார்ம் படுத்துக்கொண்டது. தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், கூசிக் குறுகிக் காமினியைக் கூப்பிட்டார் புவனேஸ்வரன். அவள் எடுத்தாள். பழையபடியே "சொல்லுங்க அண்ணே" என்றாள். பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துச் சரி செய்ய வைத்தாள். நடுநடுவே இன்னொரு போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது.

"என்னா காமினி, எதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல அண்ணே. அம்மாவ ஏத்துற வேன் இன்னிக்கு வரலையாம். கிராப் டாக்சி பிடிச்சா, வீல்சேரப் பாத்துட்டு ஓடிர்றானுங்க."

"நான் போறேன்."

"வேணாம் அண்ணே, உங்களுக்கு எதுக்கு…"

"அட்ரஸ் அனுப்புலா" என்றார். அதட்டியதுபோல்தான் குரல் வந்தது.

கடல் பாலத்தைத் தாண்டி பாகான் டாலாம் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் ஃபிளாட்டின் கீழே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் காத்திருந்தார். மகளின் முகம் அப்படியே இருந்தது. புவனேஸ்வரன் தன் பெயரைச் சொன்னதும் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா தம்பி அது? எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான். 'புவனேஸ் அண்ணே அங்க இருக்குற வரைக்கும் என் வேலைக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நீ பயப்படாதே'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. பாவம், உங்களையும் மீறி நடந்துருச்சு."

"இல்லம்மா. என்னாலதான் போச்சு. நான் செஞ்சதாலதான் அவளுக்கு வேல போச்சு."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. பெரிய மனசு உங்களுக்கு. எங்க மேல இவ்ளோ அக்கறையா இருக்குறவங்க இப்படித்தான் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குவாங்க."

அவர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. புவனேஸ்வரன் அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தார். டயாலிசிஸ் மையம் போய்ச் சேரும்வரை அந்த அம்மாள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.