செங்காவிக் கயிறும் மிக்கியோனும்

ஏதென்ஸ் சந்தையில் மிக்கியோனிடம் தாடி திருத்த உட்கார்ந்தால் சுதந்திரப் பாடம் இலவசம். "அடுத்தவன் சொல்லி அசையிறவன் அடிமை. தானா அசையிறவன்தான் சுதந்திரமான மனுஷன்" என்பார். கத்தி கழுத்தருகே இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? தத்துவக்காரர்கள் கூடும் மண்டபத்துக்கு அடுத்த மரத்தடியில் கடை போட்டதால் வந்த வினை. பக்கத்தில் மாலை கட்டி விற்கும் நானும் தினமும் கேட்டுத் தொலைத்தேன்.

அந்த மரத்தடிக் கடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று சபைக்கு ஒரு தீர்மானம் வந்தது. நிழல் போனால் என் பூ மதியத்துக்குள் வாடிவிடும், பிழைப்பும் அதோடு சரி. பெண்களுக்குச் சபையில் இடமில்லை. எங்கள் எல்லாருக்காகவும் மிக்கியோன் பேசுவதாக முடிவாயிற்று. வாய்தான் இருக்கிறதே!

சபை நாளன்று வெளுத்த மேலாடையோடு கம்பீரமாகத்தான் கிளம்பினார். மீன் கடையைத் தாண்டுவதற்குள் பின்னால் கயிறு வந்துவிட்டது. சபைக்குப் போகாமல் சந்தையில் திரிபவர்களை, அரசாங்க அடிமைகள் செங்காவி தோய்த்த கயிற்றை இழுத்துப் பிடித்து, சபை கூடும் மலைக்கு ஓட்டிப்போவார்கள். துணியில் சிவப்புப் பட்டவனைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

மிக்கியோன் சட்டென்று நின்றுவிட்டார்.

"என்னண்ணே நின்னுட்டே? ஓடு!" என்று கத்தினேன்.

"இப்ப நடந்தா கயிறு விரட்டித்தான் போறேன்னு நினைப்பானுங்க, பிளாங்கோன். கயிறு தாண்டிப் போகட்டும். அப்புறம் நானா போறேன்."

கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்த சாக்காஸ் கெஞ்சினான். "நடங்கய்யா."

"நீ சொல்லி நான் நடக்கமாட்டேன்டா."

"நானும் நானா சொல்லலீங்களே. சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்."

கயிறு அவர் வயிற்றில் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிற்று. அந்தக் கறையோடு சபை ஏறுவதா? ஊற்றடியில் உட்கார்ந்து நிதானமாகத் துவைத்தார். பிறகு சொந்த விருப்பத்தோடு மலையேறினார். எதிரே சபை முடிந்து எல்லாரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

இப்போது எங்கள் கடைகள் கோட்டை வாசலில், உச்சி வெயிலில். வாடிய பூவுக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. மனுஷன்மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அவரோ ஒருவர் தாடியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆனா என்ன, அந்தக் கயிறால என்னை அசைக்க முடியலையே?"

"உன்னைக் கூப்பிட ஒரு கயிறாவது வந்துச்சுண்ணே. எனக்கு வந்திருந்தா அதுக்கு முன்னாடி ஓடியிருப்பேன்" என்றேன்.

அன்று அந்த ஆளுக்குப் பாடம் நடக்கவில்லை. தாடி மட்டும் திருத்தப்பட்டது.