கரண்ட் வந்த பிறகு பத்து நிமிடம்

கரண்ட் போனால் ஊருக்கு இருட்டு. ரேடியோ திருத்துகிறவனுக்கு அதுதான் விடிவு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நான் அந்த வேலைதான் பார்த்தேன். பாதிப் பாட்டில் ரேடியோ ஊமையாகி, அதன் முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நானாவின் நியாயம்

போன கரண்ட் திரும்பி வரும்போது தாறுமாறாக ஏறி இறங்கும். ரேடியோ போட்டபடி இருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வு எரிந்துவிடும். ஆகவே கரண்ட் போனதும் சுவிச்சை நிற்பாட்டுங்கள், வந்த பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் தொண்டை வறண்டேன். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருந்த துணி வியாபாரி காசீம் நானா மட்டும் மசியவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு வால்வு எரித்தார். ஏன் நிற்பாட்டவில்லை என்று கேட்டால் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பகல்ல லைட்டா போடுற தம்பி? பொட்டி பேசினாத்தானே கரண்ட் வந்தது தெரியும்!"

அக்காவின் கேள்வி

நானாவின் பக்கத்து வீடு யோகம்மா அக்காவுடையது. அவருடைய கணவர் மலாயாவில் ரயில்வே கிளாக்கர். ஜப்பான்காரன் அங்கே இறங்கிய பிறகு ஒரு கடிதமும் இல்லை. மாலை ஆறு மணிக்கு மலாயாப் பக்கத்து ரேடியோ நிலையம் ஒன்றில், அங்கே அகப்பட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் வீட்டுக்குச் சொல்லும் சேதியையும் தமிழில் வாசிப்பார்கள். ஒருமுறை வாசித்த பெயரை மறுபடி வாசிப்பதில்லை. அக்காவுக்காக ஒழுங்கை முழுவதும் ஆறு மணிக்கு அந்த நிலையத்தைத்தான் வைக்கும்.

அக்காவின் வால்வும் ஒருநாள் எரிந்தது. கப்பலில் புதிது வராத காலம். மருதானையில் ஒரு செத்த பெட்டியிலிருந்து கழற்றி வந்து போட்டேன். இதுவும் போனால் வேறு கிடைக்காது, பத்து நிமிடத்தை மறக்காதீர்கள் என்றேன். அக்கா தலையாட்டினார். படலை வரை வந்து வழியனுப்பும்போதுதான் கேட்டார்.

"அந்தப் பத்து நிமிசத்துக்குள்ளை அவரின்ரை பேரை வாசிச்சால், தம்பி?"

அணைந்த பெட்டி

அந்தக் கேள்வியாலோ என்னவோ, மாலைகளில் அக்கா வீட்டில் போய் உட்காரத் தொடங்கினேன். கரண்ட் போனால் பெட்டியின் மஞ்சள் வெளிச்சம் மெல்ல மங்கும், குரல் தூரத்துக்குப் போய்க் கரையும். பிறகு கடல் மட்டும் கேட்கும். அந்த நேரங்களில் எனக்கு வீடே தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். அக்கா சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

"இன்னும் சூடாய்த்தான் இருக்குது, தம்பி."

ஏழாவது நிமிடம்

ஒருநாள் பெயர்கள் தொடங்கிய உடனே கரண்ட் போனது. அக்கா நிற்பாட்டினார். சற்று நேரத்தில் விறாந்தை விளக்கு எரிந்தது. அக்காவின் கை சுவிச்சுக்குப் போனது. "பத்து நிமிடம், அக்கா" என்றேன். கை திரும்பியது. இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தோம். அவ்வளவு கொடுமையான சொல்லை என் வாழ்நாளில் நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாவது நிமிடம் படலை அடித்துத் திறந்தது. சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நானா ஓடி வந்தார்.

"ரேடியோல சொன்னான், மகள், ஒங்கட ஊட்டுக்காரர்ட பேரச் சொன்னான்! சொகமா ஈக்காராம். யோகம் பயப்பட வேணாமாம்." மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அதோட பொட்டி பொகஞ்சி போச்சி, தம்பி."

அக்கா பெட்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். எரிந்த வால்வுக்குப் பதிலாக என் சொந்த ரேடியோவின் வால்வைக் கழற்றி நானாவுக்குப் போட்டேன். இனியாவது கரண்ட் போனால் நிற்பாட்டுங்கள் என்று வழக்கம்போல் வாயெடுத்தேன். அக்கா குறுக்கே விழுந்தார்.

"நானா, நீங்கள் மட்டும் ஒருநாளும் நிற்பாட்டாதேங்கோ!"

ஆகவே அன்பர்களே, கரண்ட் போனால் பெட்டியைத் தவறாமல் நிற்பாட்டுங்கள், ஆனால் நிற்பாட்டாத ஒருவருக்குப் பக்கத்து வீடாகப் பார்த்துக் குடியிருங்கள்.