கிம்ச்சி போடப் போனவள்

மல்சூனுக்கு வருஷத்தில் ஒரு முறைதான் விடுப்பு. அதற்குப் பெயர் விடுப்பு இல்லை, கிம்ச்சி போடுவது. குளிர் தலைகாட்டியதும் அந்தோங் மலைக்குள் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், மலைபோல் குவித்த முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய் விழுது தடவி, இரண்டு வீட்டுக்கும் பனிக்காலம் முழுக்க ஆகிற மாதிரி போட்டுவிட்டு வருவாள். இடுப்பு கழன்றுவிடும். ஆனால் அந்த இரண்டு நாளும் பொஹாங் வீட்டில், பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கும் கணவர் தால்ஹோவைப் பார்த்துக்கொள்ள அவர் தங்கை ஒக்பூன் வந்துவிடுவாள். கிம்ச்சி போடப் போகிறவளைப் பார்த்து எந்த நாத்தனாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டாள். வேறு எதற்காவது போய்ப் பார்க்கட்டுமே, ஊர் வாய் சும்மா இருக்குமா?

அந்த வருஷமும் ரப்பர் கையுறை, ஏப்ரன், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றபோது அக்காவின் போன் வந்தது.

"வராதடி. மருமக கடையிலயே சொல்லிட்டா. பெட்டி பெட்டியா வந்து எறங்கிருச்சு. கையால போட்ட கிம்ச்சியெல்லாம் இனிமே யாருக்கு வேணும்? நீயும் வீட்ல நிம்மதியா கெட."

நிம்மதியாம்! மல்சூன் அப்படியே நின்றாள். திரும்பிப் போனால் மலச்சட்டியும் மருந்தும். ஒக்பூனும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவாள். டவுன் பஸ் ஒன்று வந்தது, ஏறினாள். இறங்கிப் பார்த்தால் கப்பல் துறை.

உல்லுங் தீவுக்கு டிக்கெட் கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். கல்யாணமான மறுநாள் அவளும் தால்ஹோவும் இதே துறையில் புதுத்துணியோடு நின்றார்கள். அலை அதிகம், கப்பல் விடவில்லை. துறைப் பக்கத்து விடுதியில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுத் திரும்பினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்துக்கும் "இந்த வருஷம் போயிடணும்" என்பார் மனுஷர். பட்டறை வேலை விடவில்லை, பிறகு அவர் அப்பாவுக்கு நோய், பிறகு இவருக்கே நோய். உள்ளூரிலேயே இருந்துகொண்டு அந்தக் கப்பலுக்குக் கையாட்டியே ஆயுசு போய்விட்டது.

கடல் அன்று தாம்பாளத் தண்ணீர் மாதிரி கிடந்தது. தீவில் இறங்கியதும் செங்குத்தாக ஒரு மலை எழுந்து நின்றதைப் பார்த்து, "அடேயப்பா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் கணவாய் மீன்கள் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மல்சூனுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து! அப்போது பார்த்து போன் அடித்தது. ஒக்பூன் போனை அண்ணன் காதில் வைத்திருந்தாள்.

"என்ன சத்தம் அங்க? மலைக்குள்ள ஒங்க அக்கா எப்பலேருந்து கடல்காக்கா வளக்குறா?" தால்ஹோவுக்கு வாய் கோணிப் போயிருந்தாலும் கிண்டல் கோணவில்லை.

"டிவிங்க... டிவி ஓடுது."

"ஓ, டிவியா. எப்படி இருக்கு?"

"என்னது?"

"முட்டைக்கோஸுதான்."

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"சரி, அவசரப்படாத. வந்து எல்லாத்தையும் சொல்லணும், என்ன?"

"முட்டைக்கோஸைப் பத்திச் சொல்ல என்னங்க இருக்கு?" என்று எரிந்து விழுந்தாள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இரண்டு பேருமாகப் போக வேண்டிய இடத்துக்கு, அவரைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தனியாக வந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலையில் காற்று பிசாசு பிடித்த மாதிரி அடித்தது. கப்பல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. விடுதிக்காரம்மா, "எங்க ஊருக்கு வர்றது ஒங்க இஷ்டம், போறது கடலோட இஷ்டம். வாங்க, சூடா சூப் குடிங்க" என்று கேலி செய்தாள். மல்சூன் சூப்பைத் தொடாமல் துறையின் டிக்கெட் ஜன்னலுக்குப் போய் நின்றாள். அன்று மாலை ஒக்பூன் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் காய்ச்சல். நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

"இங்க ஒரே பனி ஒக்பூன், பஸ் ஓடல" என்றாள் மல்சூன். பொய் சொன்ன நாக்கு திரும்பத் தெரியாமல் அதே வழியில் போயிற்று.

"சரி அண்ணி. எப்ப முடியுதோ அப்ப வாங்க" என்றாள் ஒக்பூன்.

விடிவதற்குள் தால்ஹோ போய்விட்டார்.

கப்பல் அதற்கு மறுநாள்தான் விட்டார்கள். ஆஸ்பத்திரியின் துக்கக் கூடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது, குளிப்பாட்டி, சணல் கோடி உடுத்தி, பெட்டியை மூடியாகிவிட்டது. மூடிய பெட்டியை யாருக்காகவும் திறக்க மாட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சாமந்திப் பூவுக்கு நடுவே படம் மட்டும்தான்.

"அந்தோங் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? கட்டின புருஷன் முகத்தைப் பாக்கறத விட முட்டைக்கோஸு பெரிசாப் போச்சா?" என்று பங்காளி ஒருவர் பந்தியில் இருந்தபடியே இரைந்தார். ஒக்பூன்தான் "ரோடெல்லாம் பனி சித்தப்பா, பேசாம சாப்பிடுங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, அண்ணியைப் பின்னறைக்கு இழுத்துப்போனாள்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"போனை வச்சதும் கட்டில் குலுங்கச் சிரிச்சுது. 'கழுதை, தீவுக்குப் போயிட்டாடி! தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, பயந்துருவா. வந்து அவளே சொல்லட்டும், நான் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கறேன்'னுச்சு. கடைசி ராத்திரி மூச்சு வாங்குது, அப்பவும் 'கப்பல் விட்டானா'ன்னுதான் கேட்டுது."

மல்சூன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட உடனே வரவில்லை. வந்தபோது ஏப்ரன் இருந்த பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒக்பூன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அதுகிட்டச் சொல்ல வேண்டியத என்கிட்டயாவது சொல்லுங்க அண்ணி. எப்படி இருந்துச்சு?"

மல்சூன் யோசித்து யோசித்துப் பார்த்தாள்.

"எறங்குனதும் ஒரு மலை தெரிஞ்சுது" என்றாள். "அப்புறம் போன் வந்துச்சு. அதுக்கப்புறம் டிக்கெட் ஜன்னல எப்ப தெறப்பான்னு அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். தீவை நான் பாக்கவே இல்ல ஒக்பூன்."