கூடாரத்துக்குள் கரி அடுப்பு

நம் நாட்டுக் காட்டுத் தீவுகளில் ஒன்றான லாங் ஐலண்டில் என் கணவர் மரம் வெட்டும் முகாமில் மேஸ்திரியாக இருந்தபோது நடந்தது இது. குளிர் மலைகளுக்கென்று தைத்த கனத்த கூடாரம் ஒன்று அங்கே இருந்தது. மழை இறங்காது என்று நானே அதைக் கேட்டு வாங்கினேன்.

அடைமழையில் ஒரு மதியம், குழந்தையின் துணிகளை உலர்த்தக் கரி அடுப்பை உள்ளே வைத்து, வாசல் கயிறுகளை இறுகக் கட்டினேன். சற்று நேரத்தில் தலை கனத்தது. எழ முயன்ற கணவர் சரிந்தார்.

"ஜல்தி திற, தலை சக்கர் அடிக்குது!" என்று தலைசுற்றலோடு அவசரப்படுத்தினார்.

நனைந்த முடிச்சு அவிழவில்லை. குழந்தையைத் தொட்டேன்; அசையவில்லை. அரிவாள்மனையால் கயிற்றை அறுத்து, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். முகத்தில் மழை பட்டதும் வீறிட்டாள். கணவரும் தவழ்ந்து வந்துவிட்டார்.

"அடைச்ச இடத்துல கரி நெருப்பா? மூணு உசுரும் போயிருக்கும்!" என்று முகாம் கம்பவுண்டர் திட்டினார்.

அன்று முதல் கரி அடுப்பு வெளியேதான். சாரல் அடித்தாலும் கூடார வாசலை ஒரு சாண் திறந்தே வைத்தேன்.