நூல் சுற்றிய கப்பல்

மீன்சுருட்டியில் பிறந்த ஒருவன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. ஏரி நிரம்பினாலே ஊர்கூடி வேடிக்கை பார்க்கிற பக்கம் எங்களுடையது. ஆனால் என் மனைவியின் தம்பி போனான். ஓட்டல் வேலை என்று பம்பாய்க்குக் கிளம்பியவன், யாரையோ பிடித்து ஒரு சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் சேர்ந்துவிட்டான். கல்யாணமான புதிதில் என் மனைவி என்னிடம் பேசியதில் பாதி அவனைப் பற்றித்தான். இடுப்பில் தூக்கி அவனை வளர்த்தவள் அவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் விடுமுறைக்கு வந்தபோது அவன் எனக்கு ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தான். வெளிநாடு போன மச்சினன்மார் எல்லாம் டேப்ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்த காலம். இவன் கொண்டுவந்தது விறகு. பெட்டிக்குள் எண் போட்ட பலகைத் துண்டுகள், விரல் அகலம்கூட இல்லாத நீள நீளமான மரப்பட்டைகள், கம்பளிப்பூச்சி முடி மாதிரிப் பித்தளை ஆணிகள், மடித்து மடித்து வைத்த ஒரு வரைபடம். மூடியில் பாய்மரக் கப்பல் ஒன்றின் படம். எல்லாவற்றையும் சேர்த்தால் இது வரும் என்றான்.

“நீங்கதான் ஃபிட்டராச்சே மாமா. அடுத்த லீவுக்கு நான் வரையில கப்பல் நிக்கணும்.”

அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையில் நான் ஃபிட்டர். கல் அரைக்கிற பெரிய மெஷினையே பிரித்துக் கோர்க்கிறவனுக்கு இது ஒரு பொருட்டா என்ற திமிர் எனக்கு இருந்தது. என் மனைவிக்கு வேறு கவலை. மூடியில் இருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி இதுல எங்க படுப்பான்?” என்று கேட்டாள். அவனுடையது இரும்புக் கப்பல், எங்கள் ஆலை அளவு இருக்கும் என்று சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. கப்பலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, அதுதான் அவன் இடம் என்று முடிவு செய்துவிட்டாள். கடலை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

வேலை முடிந்து வந்த மாலைகளில் உட்கார்ந்தேன். நடுவில் முதுகெலும்பு போல ஒரு பலகை, அதில் வரிசையாக விலா எலும்புகள். அதுவரை சரியாகத்தான் வந்தது. “மீனத் தின்னுட்டு முள்ள வச்ச மாதிரி இருக்கு” என்றாள் என் மனைவி. அடுத்து அந்த விலாக்களின் மேல் பட்டைகளை வளைத்து ஒட்ட வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து வளைத்தேன், டப்பென்று உடைந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் உடைந்தது. பெட்டி செய்த நாட்டையே திட்டினேன்.

அவள் தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டையோ ஓட்டிக்கொண்டே, “இட்லிக் குண்டான்ல வச்சு ஆவி காட்டுங்களேன், மெத்துனு ஆயிடும்” என்றாள்.

“கப்பல் கட்டறது கொழுக்கட்ட புடிக்கிற வேலையில்ல” என்றேன்.

பெட்டியில் வந்த பசை வரும் வழியிலேயே காய்ந்து போயிருந்தது. என் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். அங்கே தெரிந்த தச்சரிடம் வஜ்ஜிரம் வாங்கிவந்தேன். அந்தக் காலத்து மரப்பசை அது, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அடுப்பில் வைத்து உருக்கியதும் செத்த எலி நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வஜ்ஜிரத்தால்தான் என்று நினைத்தேன். மறுநாள் வஜ்ஜிரம் இல்லாமலே ஓடினாள்.

செய்தி கேட்டு மாமியார் மீன்சுருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். பலகாரத் தூக்கைக் கீழே வைப்பதற்குள் அவர் கண் என் கப்பல் மேல் விழுந்தது.

“மாப்ள, வயித்துல புள்ள இருக்கையில வூட்டுல மரம் அறுக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. வூடு கட்டுறவங்களே நிலை வைக்கிறதத் தள்ளிப் போடுவாங்க.”

“இது வெளாட்டுக் கப்பல் அத்த.”

“வெளாட்டோ நெசமோ, மரம் மரந்தான். தூக்கிப் போடச் சொல்லல. புள்ள பொறக்கட்டும், அப்பறம் நல்லாக் கட்டுங்க.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் முதல் பிள்ளை. நம்பிக்கை இல்லை என்று காட்டுவதற்காக யாராவது முதல் பிள்ளையைப் பணயம் வைப்பார்களா? மீன்முள்ளையும் பட்டைகளையும் பெட்டியில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கும் மாப்பிள்ளை என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். மசக்கை நின்றதும் அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே, அதற்குள் தம்பி வந்துவிடுவானா என்று என்னைத் துளைத்தெடுத்தாள். நான் ஷிப்டு முடிந்து வந்தால் எப்போது பார்த்தாலும் இட்லிதான். “உன் வயித்துல இருக்கிறது இட்லி கேக்குதா?” என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு வைப்பாள். விரல் நுனிகளில் ஏதோ தோல் உரிந்தாற்போல இருக்கும். கேட்டால் மெஷின் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு அவளை மீன்சுருட்டிக்கு அழைத்துப் போனார்கள். பஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, பரண் பக்கம் போகாதீர்கள், பூரான் இருக்கிறது என்றாள். கர்ப்பிணிக்கு என்னென்னவோ பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலைக்கு ஆள் வந்து சொன்னபோது பிரசவ வலி என்று மட்டும்தான் சொன்னான். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அத்தை வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

“பொட்டப் புள்ள மாப்ள. கழுத்துல கொடி சுத்தி...”

வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். முழு வளர்ச்சி. தலை நிறைய முடி, என் மனைவியின் நெற்றி. கழுத்தில் வளையம் போலக் கன்றியிருந்தது. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். வேறு யாரிடமும் தர மனம் வராமல் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். அவ்வளவு கனத்தை நான் ஆலையில்கூடத் தூக்கியதில்லை. திரும்பும்போது கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவளை அரியலூருக்கு அழைத்துவந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. அவள் அழவில்லை. பேசவில்லை. தட்டில் சோறு போட்டால் விரலால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். தையல் மெஷினைத் துணி போட்டு மூடி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். செட்டிகுளத்து முருகன் மலைக்குக் கூட்டிப் போனேன், பாதிப் படியில் உட்கார்ந்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். பெரம்பலூரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். கொடி சுற்றுவது யாருக்கும் வரலாம், யாருடைய தவறும் இல்லை, உடம்பு தேறியதும் அடுத்தது பிறக்கும் என்றார் அவர். என் மனைவி தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் அவள் தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டேன், இவளையும் இழந்துவிடுவேன் என்ற பயத்தில் எனக்கு ஆலையில் ஸ்பானர் கைநழுவும்.

ஒரு நாள் மத்தியானம் பரணில் எலி உருட்டுகிற சத்தம் கேட்டது. ஏணி வைத்து ஏறினேன். பெட்டியின் கட்டு நான் போட்ட முடிச்சு இல்லை. இறக்கித் திறந்தேன்.

மீன்முள்ளைக் காணோம். முழுக் கப்பல் உடம்பு ஒன்று இருந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று இழைந்து, முன்பக்கம் கூராகவும் வயிற்றுப் பக்கம் உருண்டும், ஒரு விரிசல் இல்லாமல். நான் உடைத்த பட்டைகளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போட்ட இடம்கூடத் தெரியவில்லை. ஒரு நிமிடம் நான் எல்லாவற்றையும் மறந்து ஃபிட்டராகத்தான் பார்த்தேன். என்ன வேலை! இட்லிக் குண்டானின் ரகசியம் அப்போது விளங்கியது. பிறகுதான் நூலைப் பார்த்தேன். கடைசியாக ஒட்டிய பட்டைகள் நகராமலிருக்கத் தையல் நூலைக் கப்பலைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். வெள்ளை, சிவப்பு, பச்சை, மிச்சம் மீதி நூல் எல்லாம். வளைகாப்பு அவசரத்தில் அவிழ்க்க மறந்து போயிருக்கிறாள்.

நிமிர்ந்தால் அவள் அறை வாசலில் நிற்கிறாள்.

“தம்பி வரத்துக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேங்க” என்றாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். “அம்மா வேணாம்னுச்சு. நான்தான் கேக்கல. நூல இறுக்கிச் சுத்துனேன். அவ கழுத்துலயும் அப்படியேதான் சுத்தியிருந்துச்சு.”

நான் கத்திவிட்டேன். கோபம் அவள் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. மரத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா, நூல் சுற்றினால் கொடி சுற்றுமென்றால் ஊரில் தையல்காரி ஒருத்திக்காவது பிள்ளை தங்குமா என்று என்னென்னவோ கேட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அதனால இல்லன்னா, வேற எதனாலங்க?”

யாராலும் இல்லை, எதனாலும் இல்லை என்பது பெற்றவளுக்கு ஒரு பதிலா? அன்றிலிருந்து அவள் சுத்தமாகச் சோற்றைத் தொடவில்லை. தண்ணீரும் நான் வாயில் வைத்தால்தான்.

பஸ் பிடித்துப் போய் அத்தையைக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் நடந்ததைச் சொன்னேன். சொன்ன பேச்சை மகள் மீறியிருக்கிறாள், வந்ததும் சாமியாடப் போகிறார் என்று பயந்தேன். அவர் கப்பலை ஒருமுறை பார்த்தார். மகளின் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினார்.

“மரம் கிரம்னு சொன்னதெல்லாம் பெரியவங்க பேச்சுடி. நானும் கேட்டதச் சொன்னேன். அதனாலல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“அப்ப எதனாலம்மா?”

அதே கேள்வி. அத்தை அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“என்னாலதான். மருத்துவச்சி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, கொடி சுத்திக் கெடக்கு, ஒடனே திருச்சிக்குக் கொண்டு போன்னா. நான்தான் அலட்சியமா இருந்துட்டேன். உங்கிட்ட சொல்லல.”

என் மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். எழுந்து நின்றாள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. பாவி என்றாள், என் பிள்ளையைத் தின்றுவிட்டாயே என்றாள், இனி என் முகத்தில் முழிக்காதே என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தை ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் தரையில் விழுந்து, பிரசவத்திலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். அழுது முடிந்ததும் பசிக்கிறது என்றாள். நான் ரசம் சோறு பிசைந்து கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அத்தையை பஸ் ஏற்றிவிடப் போனேன். எனக்கும் அவர் மேல் ஆத்திரம்தான்.

“அந்த மருத்துவச்சி எப்பச் சொன்னா அத்த?”

“யாரும் ஒண்ணும் சொல்லல மாப்ள.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்குத் திட்ட ஒரு ஆளு வேணும். இல்லாட்டி தன்னையே தின்னு தீத்துடுவா. நீங்க வாயத் தொறக்காதீங்க.”

நான் நடுரோட்டில் நின்றேன். பஸ் போன பிறகும் நின்றேன்.

என் மனைவி தேறினாள். மெஷினைத் திருப்பிப் போட்டு ஓட்டினாள். தம்பி விடுமுறையில் வந்தபோது அவளே கத்தரியை எடுத்துக் கப்பலின் நூலையெல்லாம் அறுத்தாள். அவனும் நானும் பாய்மரம் நட்டோம். தாய்வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்தது. சொன்னால் அம்மா திரும்பக் கிடைப்பாள், ஆனால் அந்தக் கேள்வியும் திரும்ப வருமே. அவள் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டேன்.

அடுத்த பிரசவத்தை அரியலூரிலேயே வைத்துக்கொண்டோம். பையன் பிறந்தான். வீறிட்டு அழுதான். யார் சொன்னார்களோ, அத்தை வந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி மதிலோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் குளிப்பாட்டக் கேட்பதாக மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் பிள்ளையை வெளியே தூக்கிப் போனேன். கையில் வாங்குங்கள் என்று நீட்டினேன். மாட்டேன் என்று தலையசைத்தார். கிட்டே வந்து, ஒரு விரலால் துணியை மெதுவாக விலக்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தார்.